கலப்பிரிவும் பொசுபேற்றும்: ஒரு வரலாற்று நோக்கு

வெள்ளவத்தையிற் காலி வீதியில் நிற்கும் பேருந்தொன்றின் சாரதி வேகமிதியையும் தடைமிதியையும் ஒருங்கே அழுத்திக்கொண்டிருப்பதாகக் கற்பனை செய்வோம். தடையை விட்டதும் வண்டி பாயும். மனிதக் கலம் இரண்டாகப் பிரியுமுன் அதனுள் நிகழ்வதும் இத்தகையதே. அங்கு வேகமிதியும் பொசுபேற்று, தடைமிதியும் பொசுபேற்று.

இவ்வுண்மை தெளிவான வழி நேரானதன்று. 1955இல், சியாற்றில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிஷர், கிரெப்ஸ் என்னும் இருவர் முயலின் தசையை ஆராய்ந்தபோது, நொதியமொன்றில் பொசுபேற்றுக் கூட்டம் ஏறியதும் அது தொழிற்படக் கண்டனர். அக்கூட்டத்தை ஏற்றுவதும் ஒரு நொதியமே. அதன் பெயர் கைனேசு. தசை கிளைக்கோசனைச் சிதைக்கும் முறை பற்றிய அச்செய்தியைக் கலப்பிரிவோடு இணைத்து நோக்க அன்று எவர்க்கும் காரணமிருக்கவில்லை. 1968இல் அதே பல்கலைக்கழகத்துக்கு வந்த ஹாட்வெல், மதுவக் கலத்தின் பிரிவைத் தடுக்கும் விகாரங்களைத் தேடலானார். ஒரே வளாகத்திற் பிறந்த இரு ஆராய்ச்சிகள் ஒன்றையொன்று சந்திக்க மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன!

இடையில் நிகழ்ந்த பரிசோதனையொன்று ஈண்டுச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. இந்தியாவிற் பிறந்த பொட்டு நரசிம்ம ராவும் ரொபேட் ஜோன்சனும், 1970இல் அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து, பிரிந்துகொண்டிருந்த மனிதக் கலத்தைப் பிரியாத கலத்தோடு இணைத்துப் பார்த்தனர். பின்னையதன் நிறமூர்த்தங்களும் காலத்துக்கு முன்பே சுருங்கித் தடித்தன. ஆகவே, பிரிவைத் தூண்டும் பொருளொன்று முதற் கலத்திலிருந்து பரவியிருத்தல் வேண்டும். மறு ஆண்டு மசூயி தவளை முட்டையிலும் அத்தகைய காரணியொன்றைக் காட்டினார்.

அப்பொருள் யாது? பிளவு மதுவத்தில் போல் நேர்ஸ் ஆராய்ந்த சி.டி.சி.2 என்னும் பரம்பரையலகு கைனேசொன்றையே ஆக்குகின்றதென 1986இல் அறியப்பட்டது. அடுத்த ஆண்டில் மெலனி லீயும் நேர்சும் அதற்கு நிகரான மனிதப் பரம்பரையலகை மதுவத்துட் புகுத்த, அது அங்கும் தொழிற்பட்டது. தவளை முட்டையின் காரணியிலும் இதே கைனேசு இருத்தல் 1988இல் தெளிவாயிற்று. 1982இல் டிம் ஹண்ட் கடல் முள்ளெலியின் முட்டையிற் கண்ட சைக்கிளின் என்னும் புரதமே இதன் துணை.

இக்கைனேசின் 161ஆம் அமினோவமிலத்தில் ஏறும் பொசுபேற்று அதனை இயக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும். 14ஆம், 15ஆம் இடங்களில் ஏறுபவை தடுக்கும். டி.என்.ஏ. இரட்டிக்கும் வரை வீ1 முதலிய நொதியங்கள் இத்தடையைப் பேணும். பின்னர் சி.டி.சி.25 அதனை அகற்ற, விடுபட்ட கைனேசு தானே வீ1ஐ அடக்கிச் சி.டி.சி.25ஐ மேலும் தூண்டும். கலப்பிரிவு சடுதியாய்த் தொடங்குவது இதனாலேயே. டி.என்.ஏ. சேதமுற்றால் தடை நீங்காது. அந்த ஏற்பாடு பழுதானால் சேதமுற்ற கலமும் பெருகும். புற்றுநோய்க்கு அது ஒரு வாயில்.

பிஷரும் கிரெப்சும் 1992இல் நோபல் பரிசு பெற்றனர். 2001இல் அது ஹாட்வெல், நேர்ஸ், ஹண்ட் ஆகியோர்க்குரியதாயிற்று. மூவர்க்கு மேற் பகிரலாகாது என்பது விதி. மசூயியும், மனிதக் கலத்தையே சான்றாக்கிய ராவும் ஜோன்சனும் அவ்விதிக்கு வெளியே நின்றனர்.