பெட்டி வரைபடம்

ஒரு தொகுதி எண்கள் எங்கே செறிந்துள்ளன, எவ்வளவு சிதறியுள்ளன என்பதை ஐந்து அளவுகளால் காட்டும் புள்ளியியல் படம் பெட்டி வரைபடம். மிகச் சிறிய மதிப்பு, முதல் கால்மானம், இடைநிலை அளவு, மூன்றாம் கால்மானம், மிகப் பெரிய மதிப்பு ஆகியவையே அந்த ஐந்து. இதன் முன்வடிவத்தை மேரி எலினார் ஸ்பியர் 1952இல் வெளியிட்டார். இன்றைய வடிவம் ஜான் டூக்கி தந்தது. 1977இல் வெளியான அவரது நூலுக்குப் பின் பாடத்திட்டங்களில் பரவியது.

வரைந்து பழகப் பத்துப்பாட்டின் அடித்தொகைகள் மிகப் பொருத்தமானவை. ஏறுவரிசையில்: முல்லைப்பாட்டு 103, நெடுநல்வாடை 188, பொருநராற்றுப்படை 248, குறிஞ்சிப்பாட்டு 261, சிறுபாணாற்றுப்படை 269, பட்டினப்பாலை 301, திருமுருகாற்றுப்படை 317, பெரும்பாணாற்றுப்படை 500, மலைபடுகடாம் 583, மதுரைக்காஞ்சி 782.

ஐந்தாம், ஆறாம் எண்களின் சராசரியான 285 இடைநிலை அளவு. கீழ்ப்பாதியின் நடு எண் 248, மேல்பாதியின் நடு எண் 500. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையே மூன்றாம் கால்மானமாக அமைகிறது. எண்கோட்டின் மேல் 248 முதல் 500 வரை பெட்டி வரைந்து, 285இல் குறுக்குக்கோடு இட வேண்டும். பெட்டியின் நீளம் 252. அதன் ஒன்றரை மடங்கு 378. இரு விளிம்புகளிலிருந்தும் அந்தத் தொலைவுக்குள் உள்ள கடைசி மதிப்புவரை 'மீசைகள்' நீளும். அதைத் தாண்டியவை தனிப் புள்ளிகளாகும். இங்கே மேல் எல்லை 878 என்பதால் எதுவும் தாண்டவில்லை.

குறுக்குக்கோடு பெட்டியின் இடப்பக்கம் ஒதுங்கியிருப்பதையும் வலது மீசை நீண்டிருப்பதையும் முதலில் பார்க்க வேண்டும். மூன்று நெடும்பாட்டுகள் சராசரியை 355.2 வரை இழுத்துவிடுகின்றன. இடைநிலை அளவு அசையவில்லை. பெட்டியின் அகன்ற பகுதியில் பாட்டுகள் அதிகம் என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. அது தவறு. ஒவ்வொரு பகுதியிலும் ஏறத்தாழக் கால்வாசியே உண்டு. அகலம் காட்டுவது சிதறலை.

கால்மானம் கணிக்கப் பல முறைகள் இருப்பதைப் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். எக்செலின் குவார்டைல் சார்பு இதே எண்களுக்கு 251.25, 454.25 என்று தருகிறது. அப்போது மேல் எல்லை 758.75 ஆகச் சுருங்க, மதுரைக்காஞ்சி தனிப் புள்ளியாக வெளியே நிற்கும். கணித்த முறையைப் படத்தின் கீழ் குறிப்பது அதனால்தான் அவசியம். தனிப் புள்ளி என்றதும் பிழை என்று நீக்குவதும் கூடாது: 782 சரியான எண், மாங்குடி மருதனார் பாடியது அத்தனை அடிகள்.