விலையும் உரிமையும்

இணையத்தில் தமக்கெனச் சிறு தளம் அமைத்து நாட்குறிப்புப்போல் எழுதி வந்தோர்க்கு, 2001-ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு நல்ல கருவி வாய்த்தது. அமெரிக்காவில் பென் டிராட், மீனா டிராட் என்னும் இளந்தம்பதியர் ஆக்கிய 'மூவபிள் டைப்' என்னும் மென்பொருளே அது. எழுதியவற்றை முன்கூட்டியே பக்கங்களாக ஆக்கி வைத்துவிடும். ஆதலின் படிக்க வருவோர் பெருகினும் கணினி தளராது. சொந்த எழுத்துக்கு விலையின்றிக் கிடைத்தமையால் பலர் அதனையே தேர்ந்தனர்.

விலையின்றிப் பெறுவதும் உரிமையோடு பெறுவதும் ஒன்றன்று. 2004 மே மாதம் மூன்றாம் பதிப்பு வந்தபோது அவ்வேற்றுமை விளங்கிற்று. விலையில்லாப் பதிப்புக்கு ஓர் எழுத்தாளர், மூன்று தளங்கள் என வரம்பு கட்டினர். உழைத்தவர் ஊதியம் கேட்டதில் குற்றமில்லை. ஆயினும் நண்பர் பலர் கூடி எழுதிய தளங்கள் என் செய்யும்?

ஓராண்டு முன்னரே, 2003-இல், வளர்ச்சி நின்றிருந்த 'பி2' என்னும் மென்பொருளினின்று மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 'வேர்ட்பிரஸ்' என்பதனை உருவாக்கியிருந்தனர். படிப்பவர் வருந்தோறும் பக்கத்தைப் புதிதாகக் கோக்கும் அமைப்பு அது. அவ்வகையில் வேகம் குறைந்ததே. எனினும் எவரும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் அதன் உரிமம் இடந்தந்தது. அத்தகைய உரிமம் பி2-க்கு இருந்தமையாலன்றோ வேர்ட்பிரஸ் பிறக்க இயன்றது! எழுதுவோர் பலர் அதன்பாற் சென்றனர். 2007 டிசம்பரில் மூவபிள் டைப்பும் அதே உரிமத்தில் ஒரு பதிப்பை வெளியிட்டது. சென்றோர் அதற்குள் புதுமனையில் நிலைகொண்டுவிட்டனர்.