ஸ்டென்மார்க், இங்கெமார்

ஸ்வீடன் நாட்டு ஆல்பைன் பனிச்சறுக்கு வீரர். 1956 மார்ச் 18 அன்று லாப்லாந்துப் பகுதியில் பிறந்து, தார்னபி என்ற சிற்றூரில் வளர்ந்தார். 1974 டிசம்பரில் இத்தாலியின் மடோனா டி காம்பிலியோவில் முதல் உலகக் கோப்பைப் பந்தயத்தை வென்றார். 1989 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆஸ்பெனில் கடைசி வெற்றி. மொத்தம் 86: ஜெயண்ட் ஸ்லாலமில் 46, ஸ்லாலமில் 40. ஆண்களில் இந்த எண்ணிக்கையை எவரும் எட்டவில்லை. 2023இல் அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் இதைக் கடந்தார். அதுவும் ஸ்வீடனின் ஓரே (Åre) என்ற ஊரின் சரிவில்.

கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும் ஸ்லாலம், ஜெயண்ட் ஸ்லாலம் ஆகிய இரு பிரிவுகளே ஸ்டென்மார்க்கின் களம். நேர்ச்சரிவில் பாயும் டவுன்ஹில் பக்கம் அநேகமாகப் போனதில்லை. 1976, 1977, 1978 ஆகிய மூன்று பருவங்களிலும் ஒட்டுமொத்தக் கோப்பை அவருக்கே கிடைத்தது. பிறகு புள்ளி விதிகள் பல பிரிவுகளிலும் போட்டியிடுவோருக்குச் சாதகமாக மாறின. விளைவு விசித்திரமானது: 1978–79இல் 13 பந்தயங்களை வென்றும் ஒட்டுமொத்தப் பட்டியலில் ஐந்தாம் இடம்தான். அந்தப் பருவத்தின் பத்து ஜெயண்ட் ஸ்லாலம் பந்தயங்களும் அவருடையவை.

முதல் சுற்றில் பின்தங்கி இரண்டாம் சுற்றில் முந்துவது அவர் பாணி. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அவர் வென்ற இரு தங்கங்களும் அப்படி வந்தவையே. தொழில்முறை உரிமம் பெற்றிருந்ததால் 1984 சராயேவோ ஒலிம்பிக்கில் அவருக்கு அனுமதியில்லை. உச்சத்தில் இருந்தவரை வெளியே நிறுத்திய அம்முடிவு நியாயமானதாகத் தோன்றவில்லை. அதிகம் பேசாதவர். 1989இல் ஓய்வுபெற்றார்.