செஞ்சிக் கூத்தின் கட்டை வேஷம்

செஞ்சி என்றதும் கோட்டையும், 1714-ல் களத்தில் மாண்ட தேசிங்கு ராஜாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வட்டாரத்து ஜனங்கள் விடிய விடியப் பார்க்கிற ராஜாக்கள் வேறு: துரியோதனன், கர்ணன், அர்ச்சுனன்! கோட்டைக்கு அருகே மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலையும் அதைச் சார்ந்த கூத்தையும் ஆராய்ந்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்கர் 1988-ல் பெரிய நூலே வெளியிட்டார்.

இந்த ராஜாக்களை உண்டாக்குவது கட்டை. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கியவை. கனமான மரம் என்றால் இரவு முழுக்க யார் சுமப்பது? மேலே வண்ணத்தாள், கண்ணாடிச் சில்லுகள். அந்தக் காலத்தில் வெளிச்சம் என்பது தீப்பந்தம்தான். அந்த ஆடும் சுடரில் கடைசி வரிசைக்காரனுக்கும் ராஜா மின்ன வேண்டும். பெட்ரோமாக்ஸ், டியூப்லைட் என்று வெளிச்சம் மாறியும் கண்ணாடி போகவில்லை. இடுப்பில் துணிகளைச் சுற்றி விரித்த பாவாடையோடு சுழன்றால் ஒல்லியான ஆளும் மாமன்னன்தான். அதனால்தான் உடனே முகம் காட்டாமல் திரைக்குப் பின்னால் நின்று பாடி ஆவலைத் தூண்டுகிறார்கள்.

திரௌபதி வேஷம் கட்டுபவரும் வழக்கமாக ஆண்தான். அந்த வேஷத்தில் முக்கியமானது நகையல்ல, கூந்தல். துச்சாதனன் அதைப் பிடித்து இழுப்பான். துகிலுரியும் கட்டத்தில் அந்த நடிகரே ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பதுண்டு. சபதப்படி அவிழ்ந்தே கிடக்கும் அந்தக் கூந்தல், பதினெட்டாம் போர் முடிந்து பகல் வெளிச்சத்தில், படுகளத்தில் கிடக்கும் பிரம்மாண்டமான மண் துரியோதனன்மேல்தான் முடியப்படும்.