மீன் மேல் வெள்ளைப் புள்ளி

கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரிலும் பெருகி வருகின்றன. பேரன் ஆசைப்பட்டான், பேத்தி கேட்டாள் என்று கோமாளி மீன் இரண்டை வாங்கி விடுகிறோம். பத்து நாளில் அதன் மேல் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. கடையில் போய்ச் சொன்னால் ஒரு சிறு புட்டியைக் கொடுத்து, "தினம் பத்துச் சொட்டு விடுங்கள், சரியாகிவிடும்" என்கிறார்கள். சில சமயம் சரியாகிறது. பல சமயம் மீன் போய்விடுகிறது, குழந்தை அழுகிறது. மீன் மேல் இருந்த வெள்ளை எது, புட்டியில் இருந்த மருந்து எதற்கானது என்று யாரும் பொருத்திப் பார்ப்பதில்லை. அந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கடலிலும் மீனுக்குத் தோல் நோய் உண்டு. ஆனால் அங்கே ஒட்டுண்ணி ஒரு மீனை விட்டு இறங்கினால், அடுத்த மீனைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. கண்ணாடித் தொட்டியிலோ அடுத்த மீன் நாலு அங்குலத்தில் நிற்கிறது. அதனால்தான் இந்த நோய்களில் பல, பெருநகரங்களின் மீன் காட்சிசாலைகளில் முதன்முதலாக ஆராய்ச்சியாளர் கண்ணில் பட்டன.

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1853இல் 'மீன் வீடு' திறந்தார்கள். மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் என்பவர் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற சொல் பரவியது. அதே காட்சிசாலையில் 1924இல் இன்னும் பெரிய மீன் அரங்கம் வந்தது. (நம் மெரினாக் கடற்கரையில் அதற்கு முன்பே, 1909இல், மீன் காட்சிசாலை திறந்தாகிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடினார்கள்.) மெரினாவுக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. லண்டனுக்குக் கடல் தூரம். கொண்டுவந்த கடல்நீரையே திரும்பத் திரும்ப வடிகட்டிப் பயன்படுத்த வேண்டும். பல கடல்களிலிருந்து வந்த மீன்கள் அந்த ஒரே நீரில் இருந்தன.

அங்கே மீன்கள் கும்பலாகச் சாகத் தொடங்கின. ஈ. எம். பிரவுன் என்ற ஆராய்ச்சியாளர் அதை ஆராய்ந்து 1931இல் ஓர் ஒட்டுண்ணியை விவரித்தார். பாசி இனத்துக்கு உறவான, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் அது. இன்று அதன் பெயர் அமைலூடினியம். மீன் வளர்ப்போர் 'வெல்வெட் நோய்' என்பார்கள். மீன் மேல் மெல்லிய மாவு தூவினாற்போல இருக்கும். இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் சற்றுப் பொன்னிறமாக மின்னும். ஆனால் இது முதலில் செவுளைத்தான் பிடிக்கும். தோலில் மாவு தெரியும் முன்பே மீன் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். இருப்பதிலேயே அவசரமான நோய் இதுதான்; சில நாளிலேயே தொட்டி காலியாகிவிடும்.

அதே பிரவுன் 1951இல் இன்னொன்றுக்குப் பெயரிட்டார்: கிரிப்டோகாரியான். இதை 1930களிலேயே ஜப்பானில் சிகாமா என்பவர் கண்டு எழுதியிருந்தார். நாம் 'வெள்ளைப் புள்ளி நோய்' என்று சொல்வது இதைத்தான். மாவு போல இராது. உப்புக்கல் ஒட்டியது போலத் தனித்தனியாக, எண்ணக்கூடிய புள்ளிகளாக இருக்கும். மீன் பாறையிலும் மணலிலும் உடம்பைத் தேய்த்துக்கொள்ளும்.

இந்தப் புள்ளி வீட்டுக்காரரை ஏமாற்றும் விதம் வேடிக்கையானது. மூன்று முதல் ஏழு நாள் வரை மீனின் தோலுக்கடியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, ஒட்டுண்ணி தானாகவே கீழே இறங்கிவிடும். மீன் பளிச்சென்று ஆகிவிடும். "பார்த்தீர்களா, மருந்து வேலை செய்கிறது" என்று நாம் மகிழ்ந்து மருந்தை நிறுத்துவோம். இறங்கியதோ மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு, ஓடு கட்டி, உள்ளே பலவாகப் பிரிந்துகொண்டிருக்கும். நாட்கள் கழித்து ஓடு திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் நீந்தி வரும். முதல் முறை ஐந்து புள்ளி என்றால் அடுத்த முறை ஐம்பது.

தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. ஓட்டுக்குள் இருக்கும்போதும் தொடாது. நீரில் நீந்தி மீனைத் தேடும் ஓரிரு நாளில் மட்டும்தான் அது அகப்படும். ஆக, மருந்து வேலை செய்யும் இடம் தண்ணீர். மீன் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து மருந்தை நிறுத்தக்கூடாது.

வெல்வெட்டுக்கும் ஏறத்தாழ இதே சுற்றுதான். அதற்கு மருந்து சொன்னவர் சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் காட்சிசாலையைச் சேர்ந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர். 1955இல் அவர் எழுதிய கட்டுரையின் நாயகன் நமக்கு நன்கு தெரிந்த மயில்துத்தம்! தோட்டத்தில் சுண்ணாம்போடு கலந்து அடிப்போமே, அதே தாமிர உப்பு. பிறகு வெள்ளைப் புள்ளிக்கும் அதையே பயன்படுத்தினார்கள். லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் தாமிரம் என்பது வழக்கமான அளவு. குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனுக்கே நஞ்சு. ஆகவே தினமும் சோதனைப் பெட்டியால் அளந்து, இரண்டு மூன்று வாரம் விடாமல் வைத்திருக்க வேண்டும். சொட்டுக் கணக்கு இங்கே உதவாது. பவளமும் இறாலும் நத்தையும் இருக்கும் தொட்டியில் தாமிரம் விட்டால் அவை செத்துப்போகும். கிளிஞ்சல் மணலும் தாமிரத்தை உறிஞ்சி அளவைக் குலைக்கும். மீனை வேறு வெறும் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் செய்ய வேண்டும்.

மருந்தே இல்லாத ஒரு வழியும் வந்தது. இஸ்ரேலின் எய்லாத் நகரில் ஏஞ்சலோ கொலோர்னி 1980களில் வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணியின் நாட்கணக்கைத் துல்லியமாகப் பார்த்தார். மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைப் புதுத் தொட்டிக்கு மாற்றி, பழையதைக் கழுவிக் காயவைத்தால், கீழே இறங்கியவை குஞ்சு பொரித்து வரும்போது அங்கே மீன் இருக்காது. நான்கு மாற்றல், ஏறக்குறைய இரண்டு வாரம், மீன் விடுபட்டுவிடும். பெரிய தொட்டியை மட்டும் ஆறு முதல் எட்டு வாரமாவது மீனில்லாமல் விட வேண்டும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் இந்த இரண்டுதான் என்று எண்ணிவிட வேண்டாம். நியூயார்க் மீன் காட்சிசாலையில் பரவிய ஒரு தட்டைப்புழுவை மெக்கல்லம் 1927இல் விவரித்தார். மீனின் மேல் கண்ணாடி போல ஒட்டியிருப்பதால் கண்ணில் படாது. மீனின் கண் மங்கும், உடம்பைத் தேய்க்கும். உப்பில்லாத நல்ல தண்ணீரில் மீனை ஐந்து நிமிடம் விட்டால் புழு வெளுத்து உதிரும். அந்தத் தண்ணீரின் சூடும் காரத்தன்மையும் தொட்டி நீரோடு ஒத்திருக்க வேண்டும். அங்கேயே நிக்ரெல்லியும் பிரெடரும் 1934இல் இன்னொன்றையும் எழுதினார்கள்: இந்தப் புழுவிடம் தப்பிப் பிழைத்த சில மீன்களுக்கு அதை எதிர்க்கும் சக்தி வந்துவிடுகிறது. அம்மை கண்டவருக்கு மறுபடி வராதது போல!

நிக்ரெல்லியும் லோம் என்பவரும் 1970இல் விவரித்தது புரூக்ளினெல்லா. கோமாளி மீனை அதிகம் வாட்டுவது இது. புள்ளியாக இராது, சளி படர்ந்து தோல் உரிவது போல இருக்கும். இதற்குத் தாமிரத்தை நம்ப முடியாது. பார்மலின் குளியல்தான் வழக்கம். அந்த ஆவி மனிதருக்கும் ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு, விவரம் தெரிந்தவர் செய்ய வேண்டிய காரியம்.

கடைசியாக மரு. துடுப்பின் ஓரத்தில் காலிஃபிளவர் போலச் சிறு கட்டிகள் வரும். லிம்ஃபோசிஸ்டிஸ் என்று பெயர். இங்கிலாந்தில் 1874இலேயே தட்டை மீனில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இது வைரஸாக இருக்கலாம் என்று வைசன்பெர்க் 1914இல் சொன்னார். பின்னாளில் அது உறுதியாயிற்று. மருந்து கிடையாது, பெரும்பாலும் தேவையும் இல்லை. நல்ல தீனி, சுத்தமான நீர், தொந்தரவில்லாத இடம் கிடைத்தால் சில வாரங்களில், அல்லது மாதங்களில், தானே உதிர்ந்துவிடும். இந்த மருவை வெள்ளைப் புள்ளி என்று எண்ணித் தாமிரம் ஊற்றினால், பிழைத்திருக்க வேண்டிய மீனை நாமே வதைக்கிறோம்.

உப்புக்கல்லா, மாவா, சளியா, மருவா என்று முதலில் பாருங்கள். மூச்சு வாங்குகிறதா, சாப்பிடுகிறதா என்று பாருங்கள். புட்டியை அதற்குப் பிறகு திறக்கலாம்.

எல்லாவற்றையும்விட மலிவான வைத்தியம், புது மீனை ஒரு மாதம் தனித் தொட்டியில் வைப்பது. நம்மில் வயதானவர்களுக்கு மண்டபம் முகாம் நினைவிருக்கும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களைக் கப்பலேற்றும் முன், நோய் இருக்கிறதா என்று அங்கேதான் தனியே தங்கவைத்துப் பார்த்தார்கள். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1949இல் அதே மண்டபத்துக்குத்தான் வந்தது. மனிதருக்குச் செய்த அந்தக் 'குவாரண்டைன்' மீனுக்கும் பொருந்தும். பேரனிடம் ஒரு தொட்டிக்குப் பதில் இரண்டு தொட்டி வாங்கச் சொல்லுங்கள். இரண்டாவது சின்னதாக இருந்தால் போதும்.