சேத்துல மாட்டுன காரும் மயிலாப்பூர்த் தேரும்

போன கார்த்திகையில மழை விட்ட மறுநாள், தி.நகர்ல இருக்கிற என் தங்கச்சி மகன் புதுக் காரோட ஊருக்கு வந்தான். எங்க ஊர் மதுராந்தகம் பக்கம். "மாமா, இது ஆல் வீல் டிரைவ். நாலு சக்கரமும் இழுக்கும். எங்க வேணா போகும்"னான். சொன்ன கையோட வண்டிப்பாதையை விட்டு, அறுத்த தாள் நிக்கிற நிலத்துல இறக்கிட்டான். மேல பார்க்க காய்ஞ்ச மாதிரி இருக்கும், அடியில களி. இருபது அடி போச்சு, நின்னுடுச்சு. அவன் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க நாலு சக்கரமும் சேர்ந்து குழி பறிச்சுது. கடைசியில வண்டி வயிறு தட்டி உட்கார்ந்துடுச்சு.

பக்கத்து நிலத்துக்காரர் டிராக்டரும் இரும்புச் சங்கிலியும் கொண்டு வந்தார். ஒரே இழுப்புல வெளிய எடுத்துடலாம்னார். நான் வேணாம்னு கையைக் காட்டிட்டேன். "ஏன் மாமா இப்படி பயப்படறீங்க?"ன்னு மாப்பிள்ளை கேட்டான். அன்னிக்கு அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

நான் பள்ளிக்கூடம் போற வயசுல, மழைக்காலத்துல ஒரு கரும்பு லாரி எங்க ஏரிக்கரைப் பக்கம் புதைஞ்சுது. டிராக்டர்ல சங்கிலி பூட்டி, பின்னால வந்து வேகமா வெட்டி இழுத்தாங்க. மூணாவது இழுப்புல கொக்கி பிஞ்சு பறந்துச்சு. இழுத்தவருக்கு ஒண்ணும் ஆகல. லாரிக்கும் ஒண்ணும் ஆகல. ஓரமா நின்னு வேடிக்கை பார்த்த எங்க சித்தப்பாவோட இடது கண்ணு போச்சு. அதுக்கப்புறம் முப்பது வருஷம் அவர் ஒத்தைக் கண்ணோடதான் களை எடுத்தார், மாடு மேய்ச்சார். சேறு ஆளைக் கொல்றது ரொம்ப அபூர்வம். அவசரமும் கயிறும்தான் கொல்லும்.

சரி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஏன் மாட்டுது? மாட்டு வண்டி ஓட்டினவனுக்கு இது சுலபமா புரியும். நுகத்தடி நடுவுலதான் ஏர்க்காலோட கட்டியிருக்கும். ரெண்டு மாடும் சமமா இழுத்தா வண்டி நகரும். ஒரு மாடு சோர்ந்து படுத்தா, அந்தப் பக்கம் நுகம் பின்னால சாயும். இன்னொரு மாடு எவ்வளவு பலசாலியா இருந்தாலும் அதோட பலம் வண்டிக்கு வந்து சேராது. காருக்குள்ள இருக்கிற டிஃப்ரன்ஷியலும் இதே கணக்குதான். 1827ல பிரான்சு நாட்டு பெக்கூர்ங்கிறவர் நீராவி வண்டிக்காக இதுக்குக் காப்புரிமை வாங்கினார். வளைவுல வெளிச் சக்கரம் வேகமாவும் உள்சக்கரம் மெதுவாவும் சுத்தறதுக்கு இது வேணும். ஆனா ஒரு சக்கரம் வழுக்கிச் சும்மா சுத்த ஆரம்பிச்சா, இன்னொண்ணுக்கும் அந்த அளவு பலம்தான் கிடைக்கும். டிராக்டர்ல இதுக்காகவே டிஃப்ரன்ஷியல் லாக்னு ஒரு பெடல் வச்சிருக்காங்க. அதை மிதிச்சா ரெண்டு சக்கரமும் ஒண்ணா பூட்டிக்கும்.

ஆல் வீல் டிரைவ்னா ரெண்டு ஜோடி மாடு பூட்டின மாதிரி. ஜோடிக்கு ஒண்ணு படுத்துட்டா நாலு மாடு இருந்தும் பிரயோஜனம் இல்ல. இப்ப வர்ற கார்கள்ல, சுத்தற சக்கரத்துக்கு மட்டும் தானா பிரேக் போட்டு, பலத்தை அடுத்த சக்கரத்துக்குத் திருப்பறாங்க. நல்ல ஏற்பாடுதான். ஆனா வயிறு தரையில உட்கார்ந்த வண்டிக்கு அதுவும் உதவாது. சக்கரத்து மேல பாரமே இல்லாதப்ப அது எதைப் பிடிச்சு இழுக்கும்?

இந்த நாலு சக்கர இழுவையை உலகத்துக்கெல்லாம் கொண்டு போனது ஜீப். ரெண்டாவது உலகப் போருக்காக அமெரிக்காவுல 1941லேர்ந்து 1945க்குள்ள ஆறு லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. சுதந்திரத்தை ஒட்டின வருஷங்கள்ல பம்பாய்ல மஹிந்திரா அதைப் பூட்ட ஆரம்பிச்சாங்க. 1985ல மாருதி ஜிப்ஸி வந்துச்சு. எங்க சின்ன வயசுல ஊருக்குள்ள ஜீப் சத்தம் கேட்டா யாரோ அதிகாரி வர்றாருன்னு அர்த்தம். அந்த ஜீப் ஓட்டின டிரைவர்கள் ஒரு காரியம் செய்வாங்க. சேறைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, செருப்பைக் கழட்டிட்டு ஒரு தரம் நடந்து பார்ப்பாங்க. காலு புதைஞ்சா வேற வழி தேடுவாங்க. இந்தக் காலத்துல ஏ.சி.யை விட்டு இறங்க மனசு வரல, அவ்வளவுதான் வித்தியாசம்.

தி.நகர்க்காரனுக்கு சேறு புதுசுன்னு நினைச்சுடாதீங்க. 1920கள்ல மயிலாப்பூர் ஏரியைத் தூர்த்து, அந்தப் படுகையில உருவானதுதான் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு பேர் இன்னும் இருக்கு, லேக்தான் இல்ல. எங்க மாப்பிள்ளை ஏரிப் படுகையிலேர்ந்து கிளம்பி வந்து ஏரி ஆயக்கட்டுல மாட்டிக்கிட்டான்!

பெரிய பாரத்தைக் கயிறு போட்டு இழுக்கிற வித்தையும் சென்னைக்குப் புதுசு இல்ல. மயிலாப்பூர்ல பங்குனிப் பெருவிழா ஏழாம் நாள் கபாலீஸ்வரர் தேர். மறுநாள் அறுபத்து மூவர். தேரைப் பார்க்கப் போறவங்க வடத்தையும் கூட்டத்தையும்தான் பார்ப்பாங்க. நான் பார்க்கிறது முட்டுக்கட்டை போடறவங்களை. தேர் வேகம் எடுத்தா சக்கரத்துக்கு அடியில கட்டையைச் செருகி நிறுத்தறது அவங்கதான். மாட வீதி முனையில தேரைத் திருப்பறதும் அவங்க கட்டைதான். ஆயிரம் பேர் இழுத்தாலும், தேர் எங்க நிக்கணும், எங்க திரும்பணும்னு முடிவு பண்றது குனிஞ்சு நிக்கிற அந்த நாலஞ்சு பேர். "காரியத்துக்கு முட்டுக்கட்டை போடறான்"னு நாம திட்டறதுக்குச் சொல்றோம். உண்மையில முட்டுக்கட்டை உயிர் காக்கிற சாமான்.

திருவாரூர் ஆழித்தேர் கதையும் இதுதான். சுமார் 300 டன் எடை. 1948க்கு அப்புறம் ஓடாம நின்னு, 1970ல மறுபடி ஓடுச்சு. அதுக்கு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு கொடுத்துச்சு. பின்னாலேர்ந்து புல்டோசர் வச்சும் தள்றாங்க. இழுக்கிற பலத்தைக் கூட்டினப்போ, நிறுத்தற பலத்தையும் சேர்த்தே கூட்டினாங்க பாருங்க.

சென்னையில நம்ம காலத்துல மாட்டின பெரிய வண்டி ஒரு கப்பல். 2012 அக்டோபர் 31, நீலம் புயல். பிரதிபா காவேரிங்கிற எண்ணெய்க் கப்பல் நங்கூரம் நிக்காம அடிச்சுட்டு வந்து, பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் பக்கம் மணல்ல தட்டி நின்னுடுச்சு. உயிர்காக்கும் படகுல இறங்கினவங்க அலையில கவிழ்ந்தாங்க, அதுல சிலர் செத்துப் போனாங்க. கப்பலை விட்டு இறங்காம இருந்தவங்களை ஹெலிகாப்டர்ல பத்திரமா கொண்டு வந்தாங்க. அந்த நிலைமையில இறங்கினவங்களைக் குத்தம் சொல்ற தகுதி கரையில இருந்த யாருக்கும் இல்ல. ஆனா கப்பலை மீட்ட விதத்தைக் கவனிங்க. பத்து நாளுக்கு மேல பொறுத்து, அமாவாசையை ஒட்டிக் கடல் ஏறின நேரம் பார்த்து, இழுவைக் கப்பல் வச்சு இழுத்தாங்க. தீபாவளிக்கு முன்னாடி அது தண்ணிக்குத் திரும்பிடுச்சு. அவ்வளவு பெரிய கப்பலே பத்து நாள் காத்திருந்துச்சு, நம்ம கார் ரெண்டு மணி நேரம் காத்திருக்கக் கூடாதா?

அதே பெசன்ட் நகர் கடற்கரையில ஒரு வெள்ளை மண்டபம் இருக்கு. ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30ஆம் தேதி, கடல்ல தத்தளிச்சவங்களைக் காப்பாத்தப் போய் உயிரை விட்டவர் அவர். அந்தப் பக்கம் போறப்போ எனக்குத் தோணும்: காப்பாத்தப் போறவனையும் சேர்த்துக் காப்பாத்தற மாதிரிதான் மீட்பு இருக்கணும்.

கடற்கரைன்னதும் இன்னொண்ணு. நாலு சக்கர இழுவை இருக்குன்னு கடல் மணல்ல காரை இறக்காதீங்க. ஜனவரியிலேர்ந்து சில மாசம் பங்குனி ஆமைகள் அங்க முட்டை போடுது. 1980களோட கடைசியிலேர்ந்து மாணவர்கள் ராத்திரி நீலாங்கரையிலேர்ந்து பெசன்ட் நகர் வரைக்கும் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாத்தறாங்க. வெள்ளத்துலயும் அப்படித்தான். 2015 டிசம்பர்ல அடையாறு கோட்டூர்புரத்துக்குள்ள புகுந்தது ஞாபகம் இருக்கும். சின்னக் கார் ஒரு அடித் தண்ணியிலயே மிதக்க ஆரம்பிக்கும். ரெண்டு அடி ஓடற தண்ணி பெரும்பாலான கார்களை இழுத்துட்டுப் போயிடும். சக்கரம் தரையைத் தொடாதப்ப அது ரெண்டு இழுத்தா என்ன, நாலு இழுத்தா என்ன? தண்ணி ஏறின இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. உள்ள போன தண்ணியை அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளைஞ்சுடும்.

இனி நம்ம கதை. முதல்ல இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். சக்கரம் சுத்தச் சுத்த ஆழம்தான் கூடும், கிளட்சும் சூடேறும். வயிறு விடுதலை ஆகுற வரைக்கும் மண்வெட்டியால அடியில இருந்த களியை வழிச்சோம். தேங்கின தண்ணிக்கு வாய்க்கால் வெட்டி விட்டோம். சக்கரத்துக் காத்தை 33லேர்ந்து 20க்கு இறக்கினோம். காத்து குறைஞ்சா டயர் தட்டையா உட்கார்ந்து, அதிக இடத்துல தரையைப் பிடிக்கும். ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்பிடணும். சக்கரத்துக்குப் பின்னால பலகையும் தென்னை மட்டையும் போட்டோம். முன்னால போக முயற்சி பண்ணல. வந்த தடத்துலயே பின்னால எடுக்கறதுதான் சுலபம்.

அப்புறம்தான் டிராக்டர். சங்கிலியை ஒதுக்கி வச்சுட்டு, நல்ல அகலமான நைலான் பட்டை கட்டினோம். காரோட திருகு கொக்கி மெதுவான இழுப்புக்குத்தான் தாங்கும், வெட்டி இழுத்தா பிஞ்சு வரும். டிரெய்லர் மாட்டற குண்டுல கட்டவே கூடாது, அது பிஞ்சா பீரங்கிக் குண்டுதான். டிராக்டர்லயும் கீழ இருக்கிற டிராபார்லதான் கட்டணும். உயரத்துல கட்டினா முன் சக்கரம் தூக்கி, ஓட்டறவர் மேலயே கவிழும். பட்டை நடுவுல ஈரச் சாக்கைப் போட்டோம், அறுந்தாலும் வேகத்தைக் கொஞ்சம் அமுக்கும். பட்டை நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு எல்லாரையும் விரட்டினேன். பிள்ளைங்களை வீட்டுக்கே அனுப்பிட்டேன். முதல் கியர், பட்டை விறைக்கிற வரைக்கும் நத்தை மாதிரி, அப்புறம் ஒரே சீரான இழுப்பு. கார் பின்னாலேயே ஊர்ந்து வண்டிப்பாதைக்கு ஏறிடுச்சு.

மொத்தம் ரெண்டு மணி நேரம். பக்கத்து நிலத்துக்காரர், "இதுக்கா இவ்வளவு நேரம்?"னு சிரிச்சார். மாப்பிள்ளை சிரிக்கல. சாயங்காலம் திண்ணையில சித்தப்பா படத்துக்குக் கீழ உட்கார்ந்து காபி குடிச்சான். அந்தப் படத்துல இடது கண்ணு மூடியிருக்கிறது ஏன்னு அன்னிக்குத்தான் அவனுக்குத் தெரியும்.

இந்தப் பங்குனிக்கு மயிலாப்பூர் தேருக்குப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. வடத்தைத் தொட்டுக் கும்பிடுங்க, வேணாங்கல. கூடவே சக்கரத்துப் பக்கத்துல கட்டையோட குனிஞ்சு நிக்கிறவரையும் ஒரு பார்வை பாருங்க. ஊரே இழுக்கும்போது நிறுத்தறதுக்குன்னு ஒருத்தர் நிக்கிறார்.