இரும்புத் தாதுக் கழிவு: குப்பையா, மூலப்பொருளா?

மலையிலிருந்து வெட்டி எடுக்கப்படும் தாது முழுவதும் இரும்பு அன்று. அதோடு மணலும் களிமண்ணும் கலந்திருக்கும். தாதுவை உடைத்து, மாவாக அரைத்து, தண்ணீரில் கலந்து இரும்பைப் பிரித்தெடுக்கிறார்கள். மிஞ்சும் செந்நிறச் சேற்றை அணை கட்டித் தேக்கி வைப்பதே நெடுங்கால வழக்கம்.

அந்த வழக்கத்திற்கு பிரேசில் கொடுத்த விலை அதிகம். 2015 நவம்பர் 5ஆம் தேதி மரியானா நகருக்கு அருகே ஃபுண்டாவ் அணை உடைந்து 19 பேர் மாண்டனர். 2019 ஜனவரி 25ஆம் தேதி புருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் அணை உடைந்தது. அப்போது மதிய உணவு வேளை. சுரங்கத்தின் உணவகம் அணைக்குக் கீழே இருந்தது. 270 பேர் உயிரிழந்தனர். அந்த அணையில் 2016ஆம் ஆண்டுக்குப் பிறகு கழிவு கொட்டப்படவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. பயன்பாட்டை நிறுத்திவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது.

வாலே மலேசியர்களுக்குப் புதிய பெயரன்று. பேராக் மாநிலத்தில் லூமுட் அருகே உள்ள தெலுக் ருபியா முனையத்திற்கு 2014 முதல் பிரேசில் தாதுவைக் கொண்டு வந்து ஆசிய நாடுகளுக்கு அனுப்பும் நிறுவனம் அதுவே.

புருமாடின்யோ விபத்தை ஆராய்ந்த வல்லுநர் குழு 2019 டிசம்பரில் முக்கியமான ஒன்றைச் சொன்னது. கழிவில் இரும்பு மிகுதியாக இருந்ததால் அது கனத்து, துகள்கள் ஒன்றோடொன்று பிடித்து இறுகியிருந்தன. வடிகால் போதாமல் தண்ணீரும் தேங்கியிருந்தது. தாங்கும் எல்லை கடந்ததும் எல்லாம் ஒரேயடியாகக் குழம்பாகி ஓடிவிட்டது. பிரித்தெடுக்காமல் விட்ட இரும்பே அணைக்குப் பாரமானது.

அந்த இரும்பை இன்று மீட்க முடியும். பழைய ஆலைகளில் தப்பிய நுண்துகள்களை, ஆற்றல்மிக்க காந்தப் பிரிப்பான்கள் பிடித்துவிடுகின்றன. எஞ்சுவது பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணல். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் புருக்குட்டு சுரங்கத்தில் இதைக் கட்டுமான மணலாக்குகிறார்கள். இட்டாபிரிட்டோவில் 2020இல் தொடங்கிய ஆலையில் கட்டடக் கற்கள் தயாராகின்றன. இப்படிப் பயன்படும் ஒவ்வொரு டன்னும் அணைக்குப் போகாத டன். ஆற்று மணலைத் தோண்டும் தேவையும் அந்த அளவுக்குக் குறையும்.

சிக்கல்களும் உண்டு. மணல் விலை மலிவு. சுரங்கமோ நகரத்திலிருந்து தொலைவு. ஏற்றுமதிச் செலவல்ல, லாரிக் கூலியே இலாபத்தை விழுங்கிவிடும். பழைய அணையைத் தோண்டுவதும் ஆபத்தான வேலை. அதனால் சில இடங்களில் ஆளில்லா இயந்திரங்களைத் தொலைவிலிருந்து இயக்குகிறார்கள்.

விற்பனையாகாத கழிவுக்கும் வழி உண்டு. வடிகட்டி அழுத்தித் தண்ணீரைப் பிழிந்துவிட்டால், ஈர மண்ணைப் போல அடுக்கி இறுக்கலாம். முறையாக வடிகால் அமைத்த அடுக்கு, சேற்று அணையைப் போல எளிதில் பெருக்கெடுத்து ஓடாது. பிழிந்த நீர் மீண்டும் ஆலைக்கே பயன்படும்.

ஆகவே இரும்பை மீட்பது, மணலைப் பயன்படுத்துவது, தண்ணீரைப் பிரிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும். கழிவு விற்று வரும் வருமானத்தை மட்டும் கணக்கிட்டால் இது நட்டமாகத் தெரியலாம். அணைக்குக் கீழே வாழ்பவர்களையும் கணக்கில் சேர்த்தால் அப்படித் தெரியாது.